கல்லில் பெயர் இல்லாதவரை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

என் கணவரின் எள்ளுத்தாத்தா இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஆளி நார் சீவும் தொழிலாளி. ஃப்ளாக்ஸ் டிரஸ்ஸர் என்று அந்த வேலைக்குப் பெயர். இரும்பு முள் பதித்த பலகையில் நாரை அடித்து இழுத்துச் சிக்கெடுக்க வேண்டும். நாளெல்லாம் தூசிக்குள்ளேயே நிற்கிற பிழைப்பு. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் இருக்கிறார். 1891-ல் அதே மனைவி, பெயருக்கு எதிரே விதவை என்று எழுதியிருக்கிறது. இடைப்பட்ட பத்து வருஷத்தில் என்றோ ஒரு நாள் அவர் போய்ச் சேர்ந்திருக்கிறார். என்றைக்கு, எதனால், எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. படம் இல்லை, கடிதம் இல்லை. கல்யாணப் பதிவில் கையெழுத்து போடவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இது சாதாரணம். 1841-ல் இங்கிலாந்தில் மாப்பிள்ளைகளில் மூன்றில் ஒருவரும் மணப்பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேரும் பெயர் எழுதத் தெரியாமல் குறிதான் போட்டார்கள்.

மாமியாருக்கு எண்பது நெருங்குகிறது. அந்த முன்னோர் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் சொன்னார். அப்படித்தான் நான் இதில் இறங்கினேன். இங்கே இங்கிலாந்தில் திருமணமாகிக் குடியேறிய நம்மவர்கள் சிலரும், பிள்ளைகள் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்கிறார்கள், அப்பா பக்கம் எப்படித் தேடுவது என்று கேட்கிறார்கள். கையில் கொஞ்சம் பணமும் சில மாலை நேரங்களும்தான் இருக்கின்றன என்றால் எந்தப் பதிவேட்டில் முதலில் கை வைப்பது என்பதுதான் கேள்வி. நான் தவறான வரிசையில் ஆரம்பித்துப் பணத்தையும் ஏழெட்டு மாதத்தையும் இழந்தவள். அதனால் ஒவ்வொன்றும் எதைத் தரும், எதைத் தராது என்பதை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பணக்காரரைத் தேடும் வழியில் கூலிக்காரரைத் தேட முடியாது. உயில் இருக்காது. தெருவாரியாக அச்சான வணிகக் கையேடுகளில் கடைக்காரர் இருப்பார், அவர் கடைக்குப் பின்னால் குடியிருந்த மூட்டை தூக்குபவர் இருக்க மாட்டார். 1867 வரை வாக்குரிமையும் கிடையாது. அதற்குப் பிறகு நகரத்தில் வாடகை கட்டிய குடும்பத் தலைவர்களுக்கு வந்தது, கிராமத்துக் கூலிகளுக்கு 1884-ல்தான். அப்படிப்பட்ட ஒருவர் காகிதத்தில் ஏறியது நான்கைந்து இடங்களில் மட்டும். அரசாங்கம் எண்ணியபோது, தேவாலயம் புதைத்தபோது, மயானம் காசு வாங்கியபோது, ஏழைகளுக்கான வாரியம் சோறு போட்டபோது, விபத்தில் செத்துப் பத்திரிகையில் வந்தபோது.

இறப்புச் சான்றிதழ்

எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1. விக்டோரியா அரியணை ஏறிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆகவே அவர் காலத்து மரணம் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பதிவுக்குள் வந்துவிடும். இறந்த தேதி, இடம், வயது, தொழில், காரணம், தகவல் சொன்னவர் பெயர், அவருடைய முகவரி எல்லாம் இருக்கும். தகவல் சொன்னவர் யார் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டிக்கொடுத்த மகளின் புதுக் குடும்பப் பெயர், வேறு எங்குமே கிடைக்காதது, அந்தக் கட்டத்தில் கிடைக்கும்.

ஆனால் சரியான ஆளின் சான்றிதழைத்தான் வாங்குகிறோம் என்று எப்படித் தெரியும்? மரணப் பதிவுகளின் பழைய அட்டவணையில் பெயர், மாவட்டம், காலாண்டு இவைதான் உண்டு. வயது 1866-லிருந்துதான் சேர்ந்தது. பொதுப் பதிவு அலுவலகம் 2016-ல் வெளியிட்ட புதிய இணைய அட்டவணையில் 1837-லிருந்தே வயது இருப்பது பெரிய உபகாரம். (கைக்குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மூன்று மாதம் என்பது மூன்று வயது என்று ஏறியிருக்கும்.) அப்படியும் எங்கள் ஆளின் பெயர் தெருவுக்குத் தெரு இருக்கிற பெயர். லீட்ஸ் மாவட்டத்தில் 1881-க்கும் 1891-க்கும் நடுவில் ஏழு பேர் வந்தார்கள். வயதை வைத்துக் கழித்தும் நாலு பேர் மிஞ்சினார்கள்.

நான் அவசரப்பட்டு இரண்டு சான்றிதழ் வாங்கினேன், அப்போது ஒன்று 11 பவுண்டு. ஒருவர் குதிரை வண்டிக்காரர். அவரை உடனே ஒதுக்கிவிட்டேன். இன்னொருவர்தான் என்னை வதைத்தார். வயது பொருந்தியது. தொழில் ‘பொதுக் கூலி’ என்று இருந்தது. தகவல் சொன்னது ஒரு பக்கத்து வீட்டுக்காரி, அவளும் பெருக்கல் குறிதான் போட்டிருந்தாள். இவர்தான் நம் ஆளா? ஆளி ஆலைகள் நொடிந்துகொண்டிருந்த நேரம். லீட்ஸின் ஹோல்பெக் பகுதியில் பெரிய பெயர் வாங்கிய மார்ஷல் ஆலையே 1886-ல் மூடிவிட்டது. வேலை போனவர் கடைசியில் கூலிக்குப் போயிருக்கலாம் என்று நானாக ஒரு கதை கட்டி, அதை ஐந்து மாதம் நம்பினேன். மாமியாரிடமும் சொல்லிவிட்டேன். அது தவறு என்று பிறகு அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது, அது எனக்குக் கஷ்டமாகவே இருந்தது.

இப்போது குறைந்த செலவில் ஒரு வழி இருக்கிறது. 2024 ஏப்ரல் விலைப்படி முழுச் சான்றிதழ் 12.50 பவுண்டு. 1837-லிருந்து 1887 வரையான மரணங்களுக்குப் பதிவேட்டின் டிஜிட்டல் படம் மட்டும் போதும் என்றால் 3 பவுண்டுக்குக் கிடைக்கும். ஆராய்ச்சிக்கு அந்தப் படமே போதும், முத்திரை வைத்த தாளால் கூடுதலாக ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் இரண்டு குறை அப்படியே இருக்கிறது. பெரியவர்களின் இங்கிலாந்துச் சான்றிதழில் அப்பா அம்மா பெயர் இருக்காது. எங்கே புதைத்தார்கள் என்பதும் இருக்காது. ஸ்காட்லாந்தில் 1855-ல் தொடங்கிய பதிவில் பெற்றோர் பெயர் உண்டு, முதல் சில வருஷம் புதைத்த இடம்கூட உண்டு. உங்கள் ஆள் கிளாஸ்கோவில் செத்திருந்தால் மேலே மற்றதைப் படிக்கவே வேண்டாம், நேரே சான்றிதழை வாங்குங்கள்.

தேவாலய அடக்கப் பதிவேடு

கிராமத்தில், அதுவும் 1850-க்கு முன்னால் இறந்தவர் என்றால் இதுதான் முதல் வாசல், சந்தேகமே இல்லை. 1813-லிருந்து எல்லாப் பங்குகளிலும் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் பகுதிதான் பங்கு) ஒரே மாதிரி அச்சடித்த பதிவேடு வந்தது. ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். பெயர், வசித்த இடம், அடக்கம் நடந்த தேதி, வயது, அடக்கம் செய்துவைத்த குருவின் கையொப்பம் இந்த ஐந்துக்குத்தான் கட்டம். தொழிலுக்கு இடமில்லை, காரணத்துக்கு இடமில்லை, உறவுக்கும் இல்லை. சில குருக்கள் ஓரத்தில் காலரா என்றோ ஆற்றில் விழுந்தது என்றோ தாமாகக் குறித்து வைத்திருப்பார்கள். அந்தப் புண்ணியவான்கள் வேலை பார்த்த பங்கு உங்களுக்கு வாய்த்தால் அதிர்ஷ்டம்.

செலவில்லை என்பது இதன் பெரிய பலம். தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த ஃப்ரீரெக் தளம் முழுக்க இலவசம். ஃபேமிலிசர்ச் தளமும் அப்படியே. பதிவேடு கரையான் அரித்துப் போயிருந்தாலும் வருஷா வருஷம் ஆயருக்கு (பிஷப்புக்கு) அனுப்பிவைத்த பிரதி பல இடங்களில் பிழைத்திருக்கிறது.

நகரத்து ஆளுக்கு இதை நம்பி உட்கார்ந்தால் மோசம் போவோம். லீட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1801-ல் 53,000 பேர் இருந்த ஊர் 1841-ல் ஒன்றரை லட்சமாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் அதே அளவு. 1832 காலராவில் இந்த ஊரில் மட்டும் 700 பேருக்கு மேல் செத்தார்கள். புதைத்த இடத்தையே திரும்பத் தோண்டினார்கள். லண்டனில் இன்னும் கொடுமை. ஈனன் சேப்பல் என்ற ஒரு சின்ன ஜெபக்கூடத்தின் தரைப்பலகைக்குக் கீழே இருபது வருஷத்தில் பன்னிரண்டாயிரம் உடல்களை அடைத்ததாக அந்நாளில் கணக்குச் சொன்னார்கள். மேலே பாடல் பாடிக்கொண்டிருந்தவர்கள் மயங்கி விழுந்தார்களாம். ஜார்ஜ் வாக்கர் என்ற மருத்துவர் 1839-லிருந்து இதை எழுதி எழுதிக் கிளறினார். 1852-லும் 1853-லும் சட்டம் வந்தது, நகரத்துத் தேவாலயத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அடக்கத்துக்கு மூடப்பட்டன.

இந்தத் தேதியை நினைவில் வைக்காவிட்டால் தப்பாக முடிவு கட்டிவிடுவோம். நாற்பது வருஷமாக ஒரே பங்கில் புதைத்துவந்த குடும்பம் 1854-ல் பதிவேட்டிலிருந்து சட்டென்று மறைந்தால், ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் அவர்கள் அதே வீட்டில்தான் இருந்திருப்பார்கள். மயானம்தான் மாறியிருக்கும்.

மயானப் பதிவேடு

நான் கடைசியில் வந்த இடம் இது. முதலில் வந்திருக்க வேண்டிய இடமும் இதுவே.

லீட்ஸ் நகரசபை 1842-ல் தனிச் சட்டம் வாங்கி, வரிப்பணத்தில் மயானம் அமைத்தது. பெக்கெட் தெரு மயானமும் ஹன்ஸ்லெட் மயானமும் 1845-ல் திறந்தன. இங்கிலாந்தில் மற்ற ஊர்களில் பெரும்பாலானவை இதைச் செய்ய இன்னும் பத்து வருஷம் ஆனது. பெக்கெட் தெருவில் ஆங்கிலிக்கன் சபைக்கு ஒரு பாதி, மற்றச் சபைகளுக்கு ஒரு பாதி, இரண்டுக்கும் தனித்தனி ஜெபக்கூடம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பதிவேடும் இரண்டாகத்தான் இருக்கும். ஒன்றில் தேடிவிட்டு இல்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

மயானம் ஒரு கணக்கு வைக்கும் இடம். காசு வாங்கியது, குழி தோண்டியது, யாரை எந்தக் குழியில் எத்தனையாவதாக இறக்கியது என்று எழுதியே ஆகவேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளை புத்திதான் நமக்கு உதவுகிறது. அவருக்குத் துக்கம் முக்கியமில்லை, குழி எண் முக்கியம். நமக்கும் அந்த எண்தான் வேண்டும்.

நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களை உருட்டிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாய்ந்த எழுத்து, கீழ்நோக்கி இழுத்த நீண்ட கோடுகள். வாரத்தில் மற்ற நாட்களைவிட ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் நெரிசலாக இருந்தது. கூலிக்காரர்கள் ஞாயிறன்று அடக்கம் செய்வதையே விரும்பினார்கள், மற்ற நாள் என்றால் அரைநாள் கூலி போகும். புதன் இரவு இறந்தவரை ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகள் படுக்கிற அதே அறையில், ஞாயிறுவரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இறந்த தேதிக்கும் அடக்கத் தேதிக்கும் இடையில் எண்ணிப் பார்த்த நாலு நாளில் அந்த வீடு எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெயரில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருடைய முகவரி 1881 கணக்கெடுப்பில் இருந்த அதே சந்து. வருஷம் 1884, வயது 52. பக்கத்தில் குழி எண். அதற்குப் பிறகு 3 பவுண்டு கொடுத்துச் சான்றிதழ்ப் படத்தை வாங்கினேன். தொழில் ஆளி நார் சீவுபவர். காரணம் காசநோய். ஆளி நார் தூசி நெஞ்சை அரிப்பதை லீட்ஸ் மருத்துவர் தாக்ரா 1831-லேயே எழுதியிருந்தார். அது தெரிந்து ஐம்பது வருஷம் கழித்தும் ஒருவர் அதே தூசியில் நின்று இருமிச் செத்திருக்கிறார்.

அந்தக் குழி பொதுக்குழி. உறவில்லாத பலரை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்கள். அதே எண்ணைப் பதிவேட்டில் தேடிச் சேர்த்தபோது அவரோடு கிடப்பவர்கள் வரிசையாக வந்தார்கள்: ஒரு தையற்காரி, ஒரு செங்கல் தொழிலாளி, ஒன்றரை வயதுக் குழந்தை. எல்லாம் சில வாரத்துக்குள். ஆனால் இது வெறும் பொதுக்குழி இல்லை. லீட்ஸில் கின்னி கல்லறை என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு கின்னி, அதாவது இருபத்தொரு ஷில்லிங் கட்டினால், பொதுக்குழிதான், ஆனால் பொதுவான ஒரு கல்லில் உங்கள் பெயரையும் செதுக்குவார்கள். கல்லின் முன்புறம் நிரம்பினால் பின்புறம். ஒரு கூலிக்காரரின் ஒரு வாரச் சம்பாத்தியம் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்திருக்கும். அதை எப்படிக் கொடுத்தாள் அந்த விதவை? வாரம் ஒரு பென்னி என்று சாவுச் சங்கத்திலோ காப்பீட்டு ஏஜெண்டிடமோ கட்டிவந்திருக்கலாம். ப்ருடென்ஷியல் போன்ற கம்பெனிகள் 1854-லிருந்து வீடு வீடாக வந்து இப்படி வசூலித்தன. ஏழை வாரியச் செலவில் புதைபடுவது குடும்பத்துக்கே தீராத அவமானம் என்று பயந்தார்கள். முந்தானையில் முடிந்துவைத்த பணத்தைக் காட்டி, ‘என் காரியத்துக்கு யார்கிட்டயும் கையேந்தக் கூடாது’ என்று என் அப்பாயி சொன்னது எனக்கு நினைவு வந்தது.

மயானப் பதிவேடு தருகிற இன்னொன்றைக் கணக்கெடுப்பு தராது. கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை. 1862-ல் பிறந்து 1864-ல் இறந்த குழந்தையை அது பார்த்திருக்கவே முடியாது. லீட்ஸில் உட்ஹவுஸ் பக்கம் 1835-ல் திறந்த பொது மயானம் ஒன்று இருக்கிறது. இப்போது அது பல்கலைக்கழக வளாகத்துக்குள் புல்வெளி. 1960-களில் கல்லறைக் கற்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். ஆனால் பதிவேடு போகவில்லை. 97,000-க்கும் மேற்பட்ட அடக்கங்களின் அட்டவணையைப் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெற்றோர் பெயர், தொழில், இறந்த காரணம்வரை தேடலாம். சும்மா குடும்பப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். தகப்பன் ஆளி நார் சீவுபவர், தாயின் பெயர் சரி. ஒரு பெண் குழந்தை, தட்டம்மை. பதினான்கு மாதம் கழித்து ஒரு ஆண் குழந்தை, வலிப்பு. குடும்பத்தில் யாருமே கேள்விப்படாத இரண்டு பிள்ளைகள். இறந்தே பிறந்த குழந்தைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். 1927 ஜூலைவரை அவற்றை அரசாங்கம் பதியவே இல்லை. தாயின் பெயரோடு ஏதாவது தடம் இருந்தால் அது மயானப் பதிவேட்டில்தான் இருக்கும்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நாடு முழுக்க ஒரே இடத்தில் இது கிடையாது. சில நகர மன்றங்கள் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. சில டிசீஸ்டு ஆன்லைன் என்ற கட்டணத் தளத்துக்குக் கொடுத்திருக்கின்றன, அங்கே தேடுவது இலவசம், விவரம் பார்க்கக் காசு. சில பதிவேடுகள் ஆவணக் காப்பகத்தில் மட்டும். எந்த மயானம் என்று தெரியாவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். லண்டன் ஆளென்றால் இது தலைவலி. கிழக்குப் பகுதியில் இறந்தவர் 1841-ல் திறந்த டவர் ஹாம்லெட்ஸ் மயானத்தின் பொதுக்குழியில் இருக்கலாம், அங்கே மூன்று லட்சத்துக்கும் மேல் அடக்கமாகியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் வாட்டர்லூவிலிருந்து தனி ரயிலில் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டுபோன புரூக்வுட்டில் இருக்கலாம். 1854-ல் திறந்த அந்த மயானத்துக்குத் துக்கத்துக்குப் போகிறவர்களுக்குத் திரும்பிவர டிக்கெட் உண்டு, பெட்டிக்கு ஒருவழி டிக்கெட். அதிலும் மூன்றாம் வகுப்பு இருந்தது. அந்தந்த ஏழை வாரியம் எந்த மயானத்தோடு ஒப்பந்தம் போட்டது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

ஏழை வாரியமும் வொர்க்ஹவுஸும்

1834 ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு வயதாகி உழைக்க முடியாதவர்கள், கைவிடப்பட்ட தாய்கள், நோயாளிகள் போய்ச் சேர்ந்த இடம் வொர்க்ஹவுஸ். இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் அதுவாக இருந்தால் நேரே அதன் பதிவேடுகளுக்குப் போங்கள். சேர்ந்ததும் வெளியேறியதும் ஒரு பதிவேட்டில். 1869-லிருந்து மதப் பதிவேடு என்று தனியாக ஒன்று. அதுதான் எனக்குப் பிடித்தது. பெயர்வரிசையில் இருக்கும், எங்கிருந்து வந்தார் என்று இருக்கும், நெருங்கிய உறவினர் யாரென்று இருக்கும். பெற்ற பிள்ளை எந்தத் தெருவில் இருந்தான் என்பது அதில் தெரியவரும்போது சில நேரம் மனம் கனத்துப்போகும்.

கஷ்டம் என்னவென்றால் பிழைத்திருப்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊரில் அலமாரி நிறைய, அடுத்த ஊரில் ஒரே ஒரு கூட்டக் குறிப்பேடு. பெயர் அட்டவணை இல்லாத பதிவேடுகளே அதிகம், தேதி தெரியாமல் போனால் நாள் முழுக்கப் புரட்ட வேண்டியதுதான். அதனால் இதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன், ஆள் வொர்க்ஹவுஸில் இருந்தார் என்று தெரிந்திருந்தால் ஒழிய.

ஒரு எச்சரிக்கை. வொர்க்ஹவுஸில் இறந்து யாரும் கேட்டுவராத உடலை 1832 உடற்கூறு சட்டப்படி மருத்துவப் பள்ளிக்குக் கொடுக்கலாம். அறுத்துப் படித்த பிறகு அடக்கம் செய்தாக வேண்டும். ஆகவே இறந்த தேதிக்கும் அடக்கத் தேதிக்கும் இடையில் வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால் எழுத்தர் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பத்திரிகை, கல்லறைப் படங்கள், ஆராய்ச்சியாளர்

விபத்து, தீ, நீரில் மூழ்கியது, சுரங்கம் சரிந்தது என்று இறந்திருந்தால் மரண விசாரணை நடந்திருக்கும். சான்றிதழில் தகவல் சொன்னவர் இடத்தில் விசாரணை அதிகாரியின் பெயர் இருப்பதே அடையாளம். விசாரணைக் காகிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திதான் மிச்சம். அதில் சாட்சி சொன்ன மனைவியின் வாய்ச்சொல்கூட இருக்கும். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணத் தளம். வீட்டிலிருந்து சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், பல இடங்களில் இலவசமாகப் பார்க்கவிடுகிறார்கள். படுக்கையில் இருமிச் செத்த தொழிலாளியைப் பத்திரிகையில் தேடுவது வீண்.

ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் போன்ற தளங்கள் கல்லைப் படம் எடுத்துப் போடுபவை. கல் இருந்தவருக்கு அருமையான தளங்கள். கல்லில்லாத பொதுக்குழியில் கிடப்பவருக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அங்கே வரவில்லை என்பதை வைத்து அந்த மயானத்தில் இல்லை என்று முடிவு செய்வது மிகப் பெரிய தவறு, அதிகம் பேர் செய்வதும் அதையே.

காசு கொடுத்து ஆராய்ச்சியாளரை வைப்பதானால், ஆரம்பத்தில் வேண்டாம். அட்டவணையில் நீங்களே பார்க்கக்கூடியதற்கு மணிக்கணக்கில் கட்டணம் போகும். தேதியும் மயானமும் தெரிந்தபிறகு, நீங்கள் போக முடியாத ஊர்க் காப்பகத்தில் குறிப்பிட்ட ஒரு பதிவேட்டைப் பார்த்துவரச் சொல்வதற்கு அவர் தகுந்தவர்.

அப்படியானால் எது முதலில்?

ஆள் எப்படிப்பட்டவர் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். 1850-க்கு முன் கிராமத்தில் இறந்தவருக்குத் தேவாலயப் பதிவேடு, அதுவும் இலவசத் தளங்களில். பெயர் அபூர்வமானது, இறந்தது 1887-க்குள் என்றால் நேரே 3 பவுண்டுப் படம், யோசிக்கவே வேண்டாம். 1850-க்குப் பின் நகரத்தில், குடும்பத்தோடு வாழ்ந்து, எல்லோருக்கும் உள்ள பெயரோடு இறந்தவருக்கு முதலில் கணக்கெடுப்பில் கடைசி முகவரி, அடுத்து மயானப் பதிவேடு, அதன்பிறகே சான்றிதழ். சான்றிதழைத் தள்ளிப் போடுவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அது ஒரு மனிதரின் சாவை மட்டும் சொல்லும். மயானப் பதிவேடு முகவரியைக் காட்டி ஆளை உறுதிப்படுத்தி, அவருக்கு முன்னால் போன பிள்ளைகளையும் சேர்த்துக் கொடுக்கும். தனித்துப்போன வயதானவர் என்றால் மட்டும் வரிசையை மாற்றி வொர்க்ஹவுஸை முன்னால் கொண்டுவருவேன்.

மாமியாரை ஏப்ரலில் பெக்கெட் தெருவுக்குக் கூட்டிக்கொண்டுபோனோம். குழி எண்ணையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தோம். கல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பாசியைச் சுரண்டக் கூடாது, எழுத்து உதிர்ந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். பின்புறம், மேலிருந்து மூன்றாவது வரி. பெயர், தேதி, வயது 52. மேலேயும் கீழேயும் முன்பின் தெரியாதவர்கள். மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார்.

அந்த விதவையின் பெயர் கல்லில் இல்லை. 1891-ல் துணி துவைத்துப் பிழைத்தவள், 1901 கணக்கெடுப்பில் அந்தச் சந்தில் இல்லை. மயானத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் லீட்ஸ் வொர்க்ஹவுஸ் கட்டடம், இப்போது மருத்துவ அருங்காட்சியகம். அவளுக்கு மதப் பதிவேட்டில் ஆரம்பிக்கப் போகிறேன்.